நூற்று மூன்றில் ஒரு நிறுத்தம்

வீட்டிலிருந்து,
ஞாயிறு மாலை.

என் அருமை வாலுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் குடியிருந்துகொண்டு உன்னையே உதைக்கும் அந்தக் குட்டி ஆளும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு விஷயத்திலிருந்து நழுவிவிடுகிறேனாம். அதனால் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாய். நடமாடக் கூடாது என்று டாக்டர் உன்னைப் படுக்கையில் போட்டதிலிருந்து உனக்கு அதிகாரம் கூடிவிட்டது. சரி, படுத்துக்கொண்டே படி. எழுத்தில் நழுவ முடியாது என்று நீ நினைக்கிறாய். முயற்சி செய்து பார்க்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பர் எதற்கு, நான் இல்லையா என்று உன் அத்தான் ஒரு ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். இப்போது இரண்டு இடத்தில் சொட்டுகிறது. பஸ் ஓட்டுகிறவர் பஸ்ஸோடு நிற்க வேண்டும் என்று சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அவரை வேறு தடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எனக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் இப்போது அவர் பஸ் நின்று போகிறது. அந்த இடம் வந்ததும் கை தானாகவே ஒரு சின்ன ஹாரன் அடித்துவிடுகிறதாம். நன்றி சொல்கிறாராம்.

என் குவாரி வேலையில் மாற்றம் ஒன்றுமில்லை. ஜல்லி ஏற்ற வரும் லாரியைக் காலியாக ஒரு தடவை எடைமேடையில் ஏற்றி எடை போடுகிறேன். சுமையோடு திரும்பி வரும்போது இன்னொரு தடவை. வித்தியாசம்தான் ஜல்லி. சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்டுகிறேன். என் அறைக்கு ஒரு சாம்பல் பூனை புதிதாகக் குடிவந்திருக்கிறது. சீட்டு அடிக்கும் மெஷின் சூடாக இருக்கும் அல்லவா, அதன் மேல்தான் படுக்கை. என்னை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முதலாளியின் மேசை மேல் போய் உட்கார்கிறது. அதற்கும் ஆள் தராதரம் தெரிகிறது.

இப்போது நீ கேட்ட விஷயம். ஏன் இன்னும் டிக்கெட் போடவில்லை என்று கேட்கிறாய்.

ஆபரேஷன் செய்து எட்டு மாதம் ஆகிறது. வயிற்றை ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்குச் சுருக்கிய பிறகு ஆரம்பத்தில் எடை எப்படி இறங்கியது என்று உனக்குத் தெரியும். வாரா வாரம் போன் பண்ணிப் பீற்றிக்கொண்டேன். நூற்று நாற்பதில் இருந்தவள் மடமடவென்று இறங்கி வந்தேன். எடைபார்க்கும் மெஷின் மேல் ஏறுவதே ஒரு திருவிழா மாதிரி இருந்தது. பிறகு நூற்று மூன்று வந்தது. வந்தது வந்ததுதான். ஒன்றரை மாதமாக முள் அங்கேயே பசை போட்டு ஒட்டினாற்போல் நிற்கிறது. அதே கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறேன். அதே தெருவில்தான் நடக்கிறேன். என்ன கோபமோ, நகர மாட்டேன் என்கிறது.

நூறுக்குக் கீழே போனதும்தான் விமானம் ஏறுவேன் என்று நான் எனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், வாலு. ஏன் என்று கேட்காதே. வைத்துவிட்டேன். உனக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் இந்த மூன்று கிலோ போய்விட்டால் நான் அங்கே நிற்பேன். போகாவிட்டால் மாப்பிள்ளையின் அம்மா இருக்கிறார்கள், அனுபவசாலி. நான் வந்து என்ன பெரிதாகச் செய்யப்போகிறேன்? உன் சமையலறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பேன்.

பார், எழுத்திலும் நழுவ முடிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். இடது பக்கமாகவே ஒருக்களித்துப் படு. அந்தக் குட்டி ஆளிடம் பெரியம்மா விசாரித்ததாகச் சொல்.

உன் அன்பு
அக்கா

எடைமேடை அறையிலிருந்து,
புதன், மதியச் சாப்பாட்டு நேரம்.

என் வாலுக்கு,

உன் பதில் கிடைத்தது. இத்தனை பக்கம் நான் எழுதியதற்கு நீ ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். நூற்று மூன்று கிலோ அக்கா எனக்குப் போதும், கிளம்பி வா என்று. அதை இந்த அறையில் உட்கார்ந்துதான் படித்தேன். வெளியே ஒரு லாரி எடைமேடை மேல் நின்றுகொண்டு ஹாரன் அடிக்கிறது, எனக்குக் கண் தெரியவில்லை. யார் என்று நினைக்கிறாய்? நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேனே, தெரு நாய் கொட்டாவி விட்டாலும் ஹாரன் அடிப்பாரே, அந்த ஹாரன்காரர்தான். ஜன்னலில் எட்டிப் பார்த்தவர் பதறிப்போய், "என்னாச்சுக்கா, யாராவது ஏதாவது சொன்னாங்களா? சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். ஆமாம், என் தங்கச்சி சொல்லிட்டா என்றேன். அப்படின்னா நான் தலையிட முடியாது என்று சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நீ நேராகக் கேட்டுவிட்டதால் நேராகவே சொல்கிறேன். உன் கல்யாணத்துக்கு வந்தபோது விமானத்தில் எனக்கு ராஜ மரியாதை நடந்தது என்று உன்னிடம் கதை அளந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நடந்தது வேறு. இருக்கை பெல்ட் எனக்குப் பூட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தேன், இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. துப்பட்டாவால் மூடிக்கொண்டு பூட்டியது போல் உட்கார்ந்திருந்தேன். சரிபார்க்க வந்த பணிப்பெண் நல்ல பெண்தான், சிரித்த முகம். முன்னால் போய், ஒட்டுப் போடுகிற கூடுதல் பெல்ட் ஒன்றை எடுத்து, பாம்பாட்டி பாம்பைத் தூக்குவது போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசை நடுவே என்னிடம் வந்தாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு இடம் கொடுக்க ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டார். இறங்கும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தச் சின்னக் கழிவறைக்குள் எப்படிப் போவது?

அன்றைக்கு வைத்த கணக்குதான் இந்த நூறு. மூன்று இலக்கத்தை முதுகில் சுமந்துகொண்டு இனி விமானம் ஏறுவதில்லை என்று. அதற்கு மேல் அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது.

போன கடிதத்தில் மறைத்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதே, உன் அத்தான் ஏற்கெனவே உன் பங்கையும் சேர்த்துத் திட்டிவிட்டார். முள் நகரவில்லை என்றதும் நான் கிண்ணத்தில் பாதியைக் குறைத்தேன். காலையில் முட்டையை நிறுத்தினேன். மதியத்துக்கு வெறும் சூப். எடை மெஷினில் காலையில் ஒரு தடவை, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை ஏறினேன். தண்ணீர் குடிக்கும் முன்னும் பின்னும்கூடப் பார்த்தேன். முள் நகர்ந்ததா? இல்லை. நான்தான் நகர்ந்தேன். போன வாரம் சீட்டு நீட்ட எழுந்தபோது கண் இருட்டி அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டேன். முதலாளி முகத்தில் தண்ணீர் தெளித்து, உன் அத்தானுக்குத் தகவல் சொல்ல, அவர் பஸ்ஸை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வாத்து மாதிரி ஓடுகிறார்.

நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உணவு ஆலோசகரின் முன்னால் உட்கார வைத்தார். நான் அந்தப் பெண்ணுக்கு அளவுக்கரண்டி என்று பேர் வைத்திருக்கிறேன். மேசை மேல் எப்போதும் கிண்ணங்களும் கரண்டிகளும் பரப்பி வைத்திருப்பாள். ஒல்லியான உருவம், ஆனால் வாய் உன்னைப் போல. உங்களை யாரு சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னது என்று ஆரம்பித்தவள் ஒரு பாட்டம் ஓய்ந்த பிறகுதான் மூச்சு விட்டாள். இவ்வளவு வேகமாக இளைத்த உடம்பு நடுவில் கொஞ்சம் நிற்கத்தான் செய்யுமாம். அனேகமாக எல்லோருக்கும் நிற்குமாம், சிலருக்கு இரண்டு மூன்று தடவைகூட. புது அளவுக்குப் பழகிக்கொள்ள அதற்கு நேரம் வேண்டுமாம். அந்த நேரத்தில் பட்டினி போட்டால் கரைவது கொழுப்பு இல்லை, தசைதான், பிறகு நடக்கக்கூடத் தெம்பு இருக்காது என்றாள். முட்டை, பருப்பு, தயிர் இவைதான் கிண்ணத்தில் முதலில் இறங்க வேண்டும். மாத்திரைகளை விடக் கூடாது. மதியம் சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து நடக்க வேண்டும், தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் தூக்கி இறக்க வேண்டும். எடை மெஷினில் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஏறினால் என் மேல் போலீசில் புகார் கொடுப்பாளாம்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உன் அத்தான் சொன்னார். "இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். ஸ்டாப்பில நிக்கிற பஸ்ஸைப் பார்த்து ரிப்பேர்னு சொன்ன ஒரே ஆள் நீதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அவ்வளவு நல்ல பேச்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், பாராட்டிவிட்டேன். அடுத்த நாளே எடை மெஷினைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் டிப்போவில் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இனி விடுதியில் படிக்கிற பிள்ளை மாதிரி அது ஞாயிறு மட்டும்தான் வீட்டுக்கு வருமாம். போன இடத்தில் அது சும்மா இருக்கவில்லை. டிரைவர்களும் கண்டக்டர்களும் ஆளுக்கு ஒரு தடவை ஏறிப் பார்த்து அதிர்ந்துபோய், டிப்போ கேன்டீனில் பாதிப் பேர் இப்போது சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறார்களாம். கேன்டீன்காரர் உன் அத்தானைப் பார்த்தால் முறைக்கிறாராம்.

ஆகவே சாப்பிடுகிறேன். இதை எழுதுவதற்கு முன்தான் முட்டையும் தயிரும் ஆயிற்று, கொஞ்சம் கொஞ்சமாக, மென்று மென்று. மாடு அசை போடுவது மாதிரி. பூனை அதைக் கேவலமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் வருகிறேன் என்று இன்னும் சொல்ல முடியவில்லை, வாலு. பெல்ட் மட்டும் காரணம் இல்லை. நாத்தனாருக்கு முதல் பிள்ளை பிறந்து எல்லோரும் போயிருந்தோமே, அப்போது நடந்தது உனக்குத் தெரியாது, நீ அங்கே போய்விட்டிருந்தாய். குழந்தையை ஒவ்வொருவர் மடியிலும் வைத்தார்கள். என் முறை வந்தது. உட்கார்ந்தால் என் வயிறு முட்டி வரைக்கும் வந்துவிடும், மடி என்று ஒரு இடமே எனக்கு இருக்கவில்லை. வைத்ததும் குழந்தை சறுக்குமரத்தில் வருவது போல வழுக்கிக்கொண்டு போயிற்று. நாத்தனார் பாய்ந்து பிடித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அதற்குப் பிறகு எங்கே குழந்தையைப் பார்த்தாலும் எனக்கு ஜலதோஷம், கிட்டே வர மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷம் எனக்கு ஜலதோஷம்.

எங்களுக்கு ஒரு குழந்தை இல்லாததைப் பற்றி நீயும் நானும் பேசிக்கொண்டதில்லை. இப்போதும் பேச வேண்டாம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் மடியைவிட்டு எழ மாட்டாய் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

லாரி வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு. எனக்கு இந்த அறிவுரையைச் சொல்ல வாய் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். கடவுள் உன்னை அலுங்காமல் வைத்திருக்க வேண்டும்.

உன்
அக்கா

வீட்டிலிருந்து,
ஞாயிறு காலை.

என் கண்ணான வாலுக்கு,

அக்காதான். எல்லோரும் நலம். நேற்றிரவு நீ படம் எடுத்து அனுப்பிய தொட்டிலைப் பார்த்தோம். மாப்பிள்ளை தானே பூட்டியதாகச் சொன்னாய். ஒரு கால் சற்றுக் கோணலாகத் தெரிகிறது என்று உன் அத்தான் சொல்கிறார். குழாய் சரிசெய்தவர் சொல்கிறார், கேட்டுக்கொள்.

உனக்குச் சொல்ல ஒரு பெரிய சமாச்சாரம் இருக்கிறது. இந்த வாரம் உன் அக்கா ஜல்லியாக விற்கப்பட்டாள்.

சிரிக்காதே, வயிறு வலிக்கப்போகிறது. வெள்ளிக்கிழமை மதியம் அளவுக்கரண்டியின் உத்தரவுப்படி நடக்கப் போனேன். குவாரிக்குள் ஜல்லி ஏற்றும் இடம்வரை போய்த் திரும்புவது என் வழக்கம். அங்கே போனதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. சுமை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஹாரன்காரர் வண்டியை நிறுத்தி, "ஏறுங்கக்கா, எடைமேடைக்குத்தானே போறேன்" என்றார்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ டிரைவர்கள் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். தூசி எனக்கு ஆகாது என்று சொல்லிவிடுவேன். குவாரியில் வேலை பார்த்துக்கொண்டு தூசி ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? நம்பியது போல் நடந்துகொண்டார்கள், நல்ல மனிதர்கள். லாரியின் படி இடுப்பு உயரத்தில் ஆரம்பிக்கிறது. பிடியைப் பற்றி உடம்பை மேலே இழுக்க வேண்டும். முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் முயன்றதே இல்லை. அன்றைக்கு மழை கொட்டுகிறது, யோசிக்க நேரமில்லை. பிடியைப் பிடித்தேன், கால் வைத்தேன், ஏறிவிட்டேன். கதவைச் சாத்திய பிறகுதான் ஏறியதே எனக்கு உறைத்தது.

அவர் வண்டியைக் கிளப்பியதும் எச்சரிக்கை மணி ஒன்று விடாமல் கத்தத் தொடங்கியது. "பெல்ட்டைப் போடுங்கக்கா, போடுறவரைக்கும் அது நிக்காது, என் ஹாரனைவிட மோசம்" என்றார். தோளுக்குப் பக்கத்தில் பெல்ட் தொங்குகிறது. இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன், வாலு. வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. டக்கென்று பூட்டிக்கொண்டது. மணி நின்றது. மூச்சைக்கூட நான் இழுத்துப் பிடிக்கவில்லை. வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போனது.

அப்புறம் வழியெல்லாம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஹாரன்காரர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். எடைமேடையில் ஏறும் முன் நான் இறங்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. என் ஜன்னலில் எனக்குப் பதிலாக முதலாளி உட்கார்ந்திருந்தார். மழையில் அவர் என்னைக் கவனிக்காமல் எடை போட்டு, சீட்டு அடித்து நீட்டினார். டிரைவர் வாங்கிக்கொண்டு நேராக வெளிக் கேட்டுக்கு விட்டுவிட்டார். கேட் காவலாளி சீட்டைப் பார்த்துவிட்டு மேலே பார்த்து, "அக்காவையும் டெலிவரி பண்ணணுமா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்குச் சுயநினைவே வந்தது.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. காலியாக எடை போடும்போது வண்டியில் யார் இருந்தார்களோ, சுமையோடு போடும்போதும் அவர்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். யாராவது கூட ஏறிக்கொண்டால் அந்த ஆளும் சரக்காகிவிடுவார். அந்தச் சட்டத்தை டிரைவர்களுக்கு ஓயாமல் ஓதுகிறவள் நான். காலையில் அந்த லாரியைக் காலியாக எடை போட்டவளும் நான். அப்படியே போயிருந்தால் யாரோ ஒருவர் வீட்டு அஸ்திவாரத்துக்கு என்னையும் சேர்த்து வாங்கியிருப்பார்.

லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் இறங்கிக்கொள்ள, மறுபடி எடை போட்டார். சரியாக நூறு கிலோ குறைந்தது. சரியாக நூறு! எங்கள் எடைமேடை இருபது இருபதாகத்தான் எண்ணும், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியாது. எந்த மூன்று கிலோவுக்காக நான் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தேனோ, அதை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. முதலாளி பழைய சீட்டை ரத்து செய்தார். காரணம் எழுத வேண்டிய இடத்தில், அக்கா உள்ளே இருந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம்வரை வந்த டிரைவர்கள் எல்லோரும் இன்றைக்கு அக்கா என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இத்தோடு கிளம்பிவிடுவேன் என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். ஆனால் இன்று காலை டிப்போவிலிருந்து எடை மெஷின் விடுமுறைக்கு வந்திருந்தது. ஏறிப் பார்த்தேன். நூற்று மூன்றரை. அரை கிலோ கூடியிருக்கிறது!

முன்பு என்றால் அன்றைக்கு முழுக்க வாயைக் கட்டியிருப்பேன். இன்றைக்கு என்னவோ நின்று முள்ளையே பார்த்தேன். உன் அத்தான் என்னைப் பார்த்தார். முட்டையை வேகவைக்கப் போனார். போகிற போக்கில், ஸ்டாப்பில் ஒருவர் ஏறியிருக்கிறார் போல என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை என்று எழுதினேன், இந்த வருஷம் இரண்டாகிவிட்டது.

முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது நேற்று மதியம்தான். அதைச் சொல்லத்தான் காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று லாரிகள் குறைவு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தத் திமிர் பிடித்த பூனை மெஷினிலிருந்து இறங்கி, மேசை ஓரத்தில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு குதித்தது. எங்கே என்று நினைக்கிறாய்? என் மேல். நான் அசையவில்லை. சறுக்கிவிடும் என்று கையைக் குடை மாதிரி விரித்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது சறுக்கவில்லை. இரண்டு சுற்று சுற்றி, இடத்தைக் காலால் மிதித்துச் சரிபார்த்து, சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். வாலு, எனக்கு மடி வந்திருக்கிறது. எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த ஒன்றரை மாதத்தில் சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு லாரி வந்து நின்றது. எழுந்தால் பூனை விழித்துவிடும் என்று டிரைவரையே உள்ளே கூப்பிட்டுச் சீட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பூனையைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போனார்.

டிக்கெட் போட்டாயிற்று. இதை எழுத உட்காரும் முன் உன் அத்தானைப் போடச் சொன்னேன். நான் எங்கே மனம் மாறிவிடுவேனோ என்று பாதி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே போட்டார். வரும் சனிக்கிழமை கிளம்புகிறேன், நூற்று மூன்றரையோடு. அளவுக்கரண்டியிடம் பயணத்தில் என்ன சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்வேன். லாரி பெல்ட்டும் விமான பெல்ட்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். பூட்டினால் நல்லது. பூட்டாவிட்டால் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பணிப்பெண்ணை நானே கூப்பிட்டு, எனக்கு ஒரு கூடுதல் பெல்ட் கொண்டுவாம்மா என்று கேட்பேன். தூக்கிப் பிடித்துக்கொண்டு வரட்டும். தண்ணீரும் குடிப்பேன். என் தங்கைக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, அதைப் பார்க்கப் போகிறேன் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லுவேன். அவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும், காட்சி நன்றாகத் தெரியும்.

நான் எவ்வளவு இளைத்திருக்கிறேன் என்று பார்க்க ஆசைப்படாதே. நூறு எப்போது வரும் என்றும் கேட்காதே, வருகிறபோது வரட்டும், எனக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது. பெரிய கிண்ணத்தில் சாப்பாடு போட்டு வற்புறுத்தாதே, ஆறு ஸ்பூன்தான் இறங்கும், அதற்கும் நேரம் பிடிக்கும். உன் சமையலறையில் பாதியை அடைத்துக்கொள்வேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அவ்வளவு இடம் இனித் தேவைப்படாது, ஒரு மூலை போதும்.

ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நீயும் மாப்பிள்ளையும் ஆசை தீரப் பார்த்து முடித்த பிறகு, நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உன் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். எனக்கு அன்றைக்கு ஜலதோஷம் இருக்காது. கொண்டுவந்து என் மடியில் வை. பயந்துகொண்டு பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடு.

விழாது.

உன்
அக்கா